எட்டு லட்சம் பேர் கேட்காத ஓர் இடம்

அத்தியாயம் 14

சென்ற வாரம் பிரின்சி கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள் அல்லவா? போனை ஒளித்தால் கட்டுரையும் ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அது எங்கே ஒளிந்தது? வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இணையதளத்தில் வெளிவந்து, ஏழரைக்கெல்லாம் மணவாள நகரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏழே முக்காலுக்கு அவள் அண்ணன் எட்வர்டின் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கிவிட்டது.

"இன்னாடி இது?"

பல் துலக்கிக்கொண்டிருந்தவளின் மூக்குக்கு நேரே போனை நீட்டினான் எட்வர்ட். யாரோ கட்டுரையின் முதல் நான்கு வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கீழே சிரிக்கிற பொம்மை மூன்று வேறு.

பிரின்சி வாயைக் கொப்பளித்தாள். ஒரு தடவை போதாமல் நான்கு தடவை கொப்பளித்தாள். பதில் சொல்லாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"அம்மா எங்க?" என்றாள் கடைசியில்.

"மீன் வாங்கப் போயிருக்குது. வர்ற சாருக்கு வஞ்சிரம் வறுக்கணுமாம். பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடும்."

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர்களுடைய அம்மா ரோசம்மாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறவள். 'வேலை பார்க்கிறவள்' என்று எழுதலாம்தான், ஆனால் அங்கே நாற்காலி கிடையாது. திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம். கவரப்பேட்டை வரைக்கும் எல்லாப் பெண்களும் தூங்குவார்கள். அதைத் தாண்டியதும் ரோசம்மாள் பாட ஆரம்பிப்பாள், பின்சீட்டு முழுக்கச் சேர்ந்துகொள்ளும். அவளே கட்டிய பாட்டு. எட்வர்ட் அதைத் திருவள்ளூரில் அன்பு என்பவரின் ஸ்டூடியோவில் பதிந்து யூடியூபில் போட்டான். எட்டு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். சென்னையில் ஒரு பெரிய பாட்டுக் கம்பெனி, ஒப்பந்தத்தோடு ஆளை அனுப்புகிறேன் என்றது. ஆள் வருவது இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு.

பிரின்சி யார் என்று கேட்டால், காக்களூரில் பிரேக் பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சீட்டுக் கட்டுகிறவள். வாரம் ஒரு நாள் ஓர் இணைய இதழில் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறவள். இந்த வாரம் அவள் எடுத்துக்கொண்ட பாட்டு அம்மாவின் பாட்டு.

"எடுத்துடு" என்றான் எட்வர்ட்.

"எத?"

"அந்தக் கட்டுரைய. அந்த சார் வர்றதுக்குள்ள எடுத்துடு. உங்க ஆசிரியரம்மாவுக்குப் போன் போடு."

"நான் ஒண்ணும் பொய் எழுதலணா."

"பொய்யின்னு நான் சொன்னனா? உண்மைய எழுத உனக்கு வேற ஊட்டுப் பாட்டு கெடைக்கலயா?"

நியாயமான கேள்விதான். பிரின்சிக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"முழுசாப் படிச்சியா நீ?"

"மொத நாலு வரியிலயே வயிறு ரொம்பிப் போச்சு. மீதி வேணாம்."

"படிச்சுட்டுத் திட்டு."

"ஏண்டி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்கள மாதிரி ஆளுங்க எதுக்கு? உனக்குப் பாட வராது. ஒரு கீபோர்டுல கைய வெக்கத் தெரியாது. அடுத்தவன் ராப்பகலா கஷ்டப்பட்டுச் செஞ்சத உக்காந்துகினு குத்தம் சொல்லத் தெரியும். அவ்ளோதானே?"

"நான் பிரேக்கும் செய்யறதில்ல. ஆனா நான் அளந்து பாக்காத பிரேக்க உன் பைக்குல மாட்டுவியா?"

"பாட்டும் பிரேக்கும் ஒண்ணா? பாட்டு நல்லா இல்லனா எவனும் சாவ மாட்டான்."

"பாட்டு சாவும்ணா."

"பேஜாரு புடிச்ச ஊடு" என்று எட்வர்ட் பொதுவாக எல்லோரையும் திட்டிவிட்டுச் சட்டையை இஸ்திரி போடப் போனான். லேத் பட்டறைக்கு அவன் லீவு போட்டிருந்தான். பிரின்சியும் லீவு. அப்பா வரதனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. காக்களூரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரின்சி மாடிப்படிக்குப் போய் ஆசிரியர் ஸ்ரீப்ரியாவை அழைத்தாள்.

"அக்கா, ஊட்டுல பிரச்சனை. எடுத்துடலாமாக்கா?"

"எடுத்துடலாம். ஒரு நிமிஷ வேலை" என்றார் ஸ்ரீப்ரியா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அதுல எந்த வரி தப்பு?"

பிரின்சி மனசுக்குள் கட்டுரையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை ஓட்டினாள். ஒரு வரியாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். இல்லை.

"தப்பு இல்லக்கா."

"அப்போ பன்னண்டு மணி வரைக்கும் யோசி. நீ சொன்னா எடுத்துடறேன். நீயா சொல்லணும்."

இந்த 'நீயா' என்ற சொல்தான் பொல்லாதது. பிரின்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே, பரீட்சை முடிவு வருகிற நாள் மாதிரி ஒரு குறுகுறுப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய எதையும் இதுவரை மூன்று தெரு ஆட்கள் சேர்ந்தாற்போல் படித்ததில்லை.

பதினொன்றரைக்கே கார் வந்துவிட்டது. யோசிக்கக் கொடுத்த நேரத்தில் அரை மணியைக் கடவுள் பிடித்துக்கொண்டார்.

பாட்டுக் கம்பெனி அனுப்பிய துளசிராமன் ஐம்பது வயதுக்காரர். சிரித்த முகம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, வறுவல் வாசனை தெருமுனையிலேயே வழி காட்டிடுச்சு" என்றார். ரோசம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுப் புடவை கட்டியிருந்தாள், அதன்மேல் கம்பெனி அடையாள அட்டையையும் மாட்டியிருந்தாள். இரண்டாவது ஷிஃப்டுக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எட்வர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டான், மின்விசிறியைத் திருப்பினான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தான். பேச்சு எங்கேயும் கட்டுரைப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காக வானிலை, டோல்கேட், எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகள் என்று எதையெதையோ பேசினான்.

துளசிராமன் முதல் துண்டு மீனைச் சாப்பிட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு எழுதினதைக் கார்லயே படிச்சேன்" என்றார்.

எட்வர்ட் மின்விசிறியை நிறுத்திவிட்டான். எதற்கு நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

"எழுதினாளா? எத?" என்றாள் ரோசம்மாள்.

"உங்க பாட்டைப் பத்திம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

ரோசம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் சுவரைப் பார்த்தான். மகளைப் பார்த்தாள்.

"இன்னா எழுதிக்கிற?"

"ம்மா... அப்பறம் சொல்றனே."

"இப்ப சொல்லு. அவரு படிச்சுட்டாரு, தெருவே படிச்சுக்கும். நான் மட்டும் இன்னாத்துக்குப் படிக்காம உக்காந்துகினு கீறேன்? படி."

பிரின்சி போனைத் திறந்தாள். அதை மேசைமேல் வைத்துக் குனிந்து படித்தாள்.

"'பாடியவர் என் அம்மா. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எட்டு லட்சம் பேர் கேட்ட இந்தப் பாட்டில் ரோசம்மாள் இல்லை. அவருடைய குரலைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருக்கிறார்கள். பாடுகிறவர் யாராகவும் இருக்கலாம்.'"

எட்வர்ட் எழுந்து கதவோரம் போய் நின்றான். தெருவுக்கு வந்த படம் இந்த இடம் வரைக்கும்தான்.

"'பாட்டின் மூன்றாவது சரணத்தில் ஓர் இடைவெளி உண்டு. பஸ்ஸில் கேட்டவர்களுக்குத் தெரியும். "காலு ரெண்டும் சொல்லுதடி" என்று பாடிவிட்டு ரோசம்மாள் நிறுத்திவிடுவார். சிப்காட் திருப்பத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை இருக்கிறது. பஸ் அதில் ஏறி, எல்லோரும் சீட்டிலிருந்து அரையடி எழும்பி, தொம்மென்று விழுகிற நொடியில் "உக்காருன்னு!" என்ற சொல் வரும். எட்டு மணி நேரம் நிற்கப் போகிற நாற்பது பெண்கள் சேர்ந்து சொல்வார்கள். அந்தச் சொல் அங்கே வந்து விழுவதற்காக ரோசம்மாள் கவரப்பேட்டையிலிருந்தே ரோட்டைப் பார்த்துக்கொண்டு பாடுகிறார். பஸ் வேகமாகப் போனால் முந்தைய வரியைச் சுருக்குவார், மெதுவாகப் போனால் இழுப்பார். ஸ்டூடியோவில் இந்த இடைவெளியைப் பிழை என்று நினைத்து வெட்டிவிட்டு, மேளத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். பாட்டு முழுவதையும் கட்டி வைத்திருப்பதே அந்த இடத்தில்தான். நான் நாற்பது தடவை கேட்டேன். நாற்பது தடவையும் அங்கே அம்மாவைத் தேடினேன்.'"

சமையலறையில் எண்ணெய் சடசடத்தது. ரோசம்மாள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் கீதும்மா."

"படி."

"'இவ்வளவு குறை சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். இரண்டாவது சரணத்தில் மற்றக் கருவிகள் எல்லாம் ஒதுங்கிவிட, சீட்டுக் கம்பியில் டிபன் டப்பா மூடியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தத் தட்டு ஒரு மயிரிழை தாமதமாக விழுகிறது. ஓடுகிற பஸ்ஸில் அப்படித்தான் விழும். அதைத் திருத்தாமல் விட்டவருக்குக் காது இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்று, பஸ்ஸில் ஏறிப் போய், தன் போனில் அதைப் பதிந்துகொண்டு வந்தவர் அவர். அவர் பெயர் வீடியோவில் எங்கேயும் இல்லை. அவர் பெயர் எட்வர்ட் வரதன். அந்த ஒரு சரணத்தில் அவர் செய்ததை மற்ற இரண்டிலும் செய்ய விட்டிருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.'"

பிரின்சி நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தாள். எட்வர்ட் அங்கேதான் நின்றான். காலையிலிருந்து அவன் முகத்தில் ஏறியிருந்த கடுகடுப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அடி வாங்கக் கையை நீட்டியவனுக்கு மிட்டாய் கொடுத்தால் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தான்.

ஆனால் இப்போது எல்லோரும் பார்த்தது ரோசம்மாளைத்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பிரின்சி குனிந்து பார்த்தாள்.

"நாப்பது தடவ கேட்டியா?"

"ஆமாம்மா."

"அந்த எடத்துல இழுக்கறதும் சுருக்கறதும் நான் வேணும்னு செய்யறதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் யாருக்கும் சொன்னதே இல்லயே. கிறிஸ்டினாவுக்கே தெரியாது. பக்கத்து சீட்டுல ஏழு வருசமா குந்திக்கினு வர்றா."

"நானும் ஒரு வருசம் அங்க வேலைக்கு அந்த பஸ்ஸுல வந்தனேம்மா. அப்பதான் கவனிச்சேன்."

ரோசம்மாள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "இவன் தெனமும் எனக்குக் கமெண்டு படிச்சுக் காட்டுவான். சூப்பர், செம, வேற லெவலு. எனக்கும் சந்தோசம்தான், இல்லனு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா சூப்பருன்னா எந்த எடம் சூப்பரு? ஒருத்தரும் சொல்லல. எனக்கு அந்தப் பாட்டு கேக்கறப்பெல்லாம் செருப்ப மாத்திப் போட்டுக்கினு நடக்கற மாரி இருந்துது. எட்டு லட்சம் பேரு நல்லா கீதுன்னு சொல்றப்போ எனக்குத்தான் காது கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கினேன்." மகள் பக்கம் திரும்பினாள். "ஒருத்தி கேட்டுக்கிறாளே. அது போதும்டி எனக்கு."

பிரின்சிக்கு எழுந்து ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டாள். மீன் வாசனையும் புதுப் புடவையின் கஞ்சி வாசனையும் சேர்ந்து வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

துளசிராமன் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க மனசு புரியுது. ஆனா ஓடிக்கிட்டிருக்கிற பாட்டை நிறுத்திட்டு வேற மாதிரி போட்டா கேப்பாங்களான்னு எங்க கம்பெனியில யோசிப்பாங்க. நடுவுல சும்மா நிறுத்தினா, போன்ல கேக்கிறவன் பாட்டு நின்னு போச்சுன்னு அடுத்ததுக்குப் போயிடுவான். ஒப்பந்தம் இப்ப இருக்கிற பாட்டுக்குத்தான்..."

"ஐயோ, மணி ஆச்சு!" என்று ரோசம்மாள் கத்தினாள். கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்தாள். "சார், கோச்சுக்காதீங்க. பஸ்ஸ உட்டா லைன்ல என் எடத்துக்கு ஆளு இல்ல. நீங்களும் எங்ககூட வாங்க. கவரப்பேட்டை தாண்டினதும் பாடறேன். கேட்டுட்டு அப்பால கையெழுத்து கேளுங்க."

"பஸ்லயா? நானா?"

"உங்க காரு பின்னாலயே வரட்டும்."

அண்ணனும் தங்கையும் கூடவே ஏற, பஸ் டிரைவர் கலியன் துளசிராமனை மேலும் கீழும் பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக் கூடாது.

"யாருக்கா இவரு?"

"பாட்டு வாங்க வந்தவரு."

"பாட்ட வாங்கறாங்களா? ஏறு சார், ஏறு சார். கேட்டாண்ட மட்டும் எறங்கிக்க."

பஸ்ஸில் வழக்கமான தூக்கம் இன்றைக்கு யாருக்கும் வரவில்லை. வெங்கல் வருவதற்குள் விஷயம் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குப் போய், திரும்பி முன்சீட்டுக்கு வந்துவிட்டது. கிறிஸ்டினா எழுந்து வந்து துளசிராமனை நேரில் பார்த்துவிட்டுப் போனாள். பெரியபாளையம் தாண்டும்போது ஒருத்தி அவருக்குக் கடலை மிட்டாய் கொடுத்தாள். எட்வர்ட் யாரோடும் பேசவில்லை. கட்டுரையை மேலிருந்து கீழ்வரை தன் போனில் படித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பத்தியை அவன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் படிப்பதைப் பிரின்சி ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவரப்பேட்டை தாண்டியது. ரோசம்மாள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க்கு,
கம்மலு கழட்டி லாக்கருல,
பேரு சொல்லிக் கூப்ட ஆளில்ல,
நானூத்திப் பன்னண்டு டோக்கனுல...

டிபன் டப்பா மூடிகள் கிளம்பிவிட்டன. டக்கு டக்கு டக்கு. நாற்பது குரலும் பின்பாட்டுக்குச் சேர்ந்தன. அந்த ஸ்டூடியோக்காரர் இதையெல்லாம் எந்த மனசோடு துடைத்துத் தள்ளினாரோ! ரோசம்மாளின் குரலில் கரகரப்பு இருந்தது, மேலே போகும்போது லேசாகக் கிழிந்தது. கிழியும் இடத்தில்தான் பெண்கள் 'ஏய்' என்று கூவினார்கள். துளசிராமனின் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது சரணம் வந்தது. பிரின்சி எட்டிப் பார்த்தாள். தூரத்தில் சிப்காட் திருப்பம், அதற்கு முன்னால் வேகத்தடை. ரோசம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எட்டு மணி நேரம் நின்னேன்
எங்க கம்பெனி லைனுல,
காலு ரெண்டும் சொல்லுதடி...

கலியன் சடாரென்று பிரேக் போட்டான். வேகத்தடைக்குப் பத்தடி முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது.

போச்சு என்று நினைத்தாள் பிரின்சி. கட்டுரையில் அத்தனை ஜம்பமாக எழுதிய இடம். இத்தனை நாளில் இல்லாமல் இன்றைக்கு ஒரு லாரி.

ரோசம்மாள் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் மேலே தூக்கினாள்.

நாற்பது பெண்களும் மூச்சைப் பிடித்தார்கள். மூடி தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. ஐந்து நொடி. பத்து நொடி. லாரி பின்னால் வந்தது, முன்னால் போனது. துளசிராமன் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே போய், நடுவில் தன் கை ஒன்றுதான் தட்டுகிறது என்று உணர்ந்து, வெட்கப்பட்டு நிறுத்தினார். பாட்டு மறந்துவிட்டதா என்பதுபோல் பிரின்சியைப் பார்த்தார். பிரின்சி உதட்டில் விரலை வைத்தாள். அரை நிமிடம் ஆனது. கிறிஸ்டினா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கலியன் கண்ணாடியில் ரோசம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரி விலகியது. கலியன் கியரைப் போட்டான். பஸ் ஏறியது, எழும்பியது, எல்லோரும் அந்தரத்துக்குப் போனார்கள். ரோசம்மாளின் கை இறங்கியது.

"உக்காருன்னு!"

தொம்!

பஸ்ஸே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. துளசிராமன் தலையில் இடித்துக்கொண்டு சீட்டில் விழுந்தார். விழுந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அவரையும் அறியாமல் அந்தச் சொல்லை அவரும் சேர்ந்து கத்தியிருந்தார்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கலியன் பஸ்ஸை ஓரம் கட்டினான். பின்னால் வந்த காரும் நின்றது. ஷிஃப்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்த லாரி தின்றது போக மிச்சம்.

"பஸ்லயே பதிவு பண்றோம்" என்றார் துளசிராமன், தலையைத் தடவிக்கொண்டே. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "இவங்க அத்தனை பேரோட. வேகத்தடையோட. முதல்ல நானே நம்பலை, ஒத்துக்கிறேன். அந்த அரை நிமிஷம் நான் மூச்சே விடலை! கம்பெனிக்கு நான் சொல்றேன். இன்னிக்கே ஒப்பந்தத்தை மாத்தி எழுதிடலாம்."

ரோசம்மாள் மகளின் கையைப் பிடித்து நசுக்கினாள். எட்வர்ட் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் துளசிராமன் பிரின்சியிடம். "புதுப் பாட்டு வரும்போது பழையதைத் திட்டி ஒரு கட்டுரை நிக்கிறது நல்லாயிருக்காதும்மா. எங்க மேலிடத்துல முதல்ல அதைத்தான் கேப்பாங்க. நான் தப்பா எழுதினேன்னு சொல்லச் சொல்லலை. நீங்க சொன்னதைத்தான் செய்யப் போறோம். குறையைத் திருத்தியாச்சுன்னா அந்த எழுத்துக்கு வேலை முடிஞ்சுது. எடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள."

பிரின்சிக்கு அவர் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. திருத்தி வந்த பாகத்திலிருந்து 'சரியில்லை' என்ற மஞ்சள் சீட்டை அவளே தினமும் கிழித்துப் போடுகிறாள். அம்மாவுக்கு அம்மாவின் குரல் திரும்பக் கிடைக்கிறது. இதற்கு மேல் ஒரு கட்டுரை என்ன சாதிக்க வேண்டும்? போனை எடுத்தாள். ஸ்ரீப்ரியாவின் எண்ணுக்குப் போனாள்.

"வாணாம்" என்றான் எட்வர்ட்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் எடுத்துடு எடுத்துடு என்று வீட்டை இரண்டாக்கியவன் இவன்தானா என்று பிரின்சிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"அது இருக்கட்டும் சார்."

"தம்பி, அதுல உங்க வேலையைத்தானே குறை சொல்லியிருக்கு? உங்களுக்குத்தானே அது போனா நல்லது?"

"கொறை சொல்லிக்கிது. சரியாத்தான் சொல்லிக்கிது. அந்த எடத்த வெட்டச் சொன்னப்போ எனக்கும் மனசு ஒப்பல சார், ஸ்டூடியோக்காரருகிட்ட எதுத்துப் பேசத் தெரியாம தலையாட்டிட்டு வந்துட்டேன்." அவன் தன் போனை எடுத்து நீட்டினான். "பத்து வயசுலேர்ந்து கீபோர்டு வாசிக்கிறேன். சர்ச்சுல வாசிக்கிறேன், கல்யாணத்துல வாசிக்கிறேன், சாவு ஊட்டுல வாசிக்கிறேன். வீடியோவுல கூட என் பேரப் போடல. நான் இன்னா செஞ்சேன், எந்த எடத்துல செஞ்சேன்னு ஒருத்தர் எழுதனது இதான் சார் மொத தடவ. அதப் போயி எப்படி சார் எடுக்கச் சொல்வேன்?"

ரோசம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பையனுக்குள் இப்படி ஒரு தாகம் இருந்தது தெரியாமல் போயிற்றே என்று பிரின்சிக்குத் தோன்றியது. கடைசிப் பத்தியை அவள் நியாயத்துக்காகத்தான் எழுதினாள். அது ஒரு மனிதனுக்கு இவ்வளவு வேண்டியிருக்கும் என்று நினைத்து எழுதவில்லை.

அவள் போனைத் திரும்பவும் பைக்குள் போட்டாள்.

"எடுக்கலைன்னா ஒப்பந்தத்துக்கு நான் உறுதி சொல்ல முடியாது, தம்பி" என்றார் துளசிராமன். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

சங்கு ஊதியது. ரோசம்மாள் தலைக்கு வலையை மாட்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து ஓடினாள். பாதி வழியில் நின்று திரும்பி, "சார்! எம் பொண்ணு எழுதனது இருக்கட்டும். எம் புள்ள சொல்றதுதான் எம் பேச்சு!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துளசிராமன் தலையில் இடித்துக்கொண்ட இடத்தை இன்னொரு தடவை தடவிவிட்டு, போனை எடுத்துச் சென்னை அலுவலகத்தை அழைத்தார். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"சார், பாட்டைக் கேட்டுட்டேன்" என்றார் துளசிராமன். "ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒரு கட்டுரை படிக்கிறேன். நீங்க கடைசி வரி வரைக்கும் கேக்கணும்."